மிதிக்கச் சொல்லிப் படுத்தவர்கள்

சரவணா,

விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு ஈப்போ வந்து சேரும்வரை நீ ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. குளிர் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொண்டதா, என்னோடு வந்த பிலோமினா அக்கா குறட்டை விட்டாரா, எல்லாம் கேட்டாய். தாப்பா தாண்டும்போது கேட்டுவிடுவாய் என்று நினைத்தேன். கோப்பெங் வந்தது, அப்போதும் இல்லை. ஜெலாப்பாங் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "வாரேம்மா, நல்லா தூங்குங்க" என்று போய்விட்டாய். உன் அப்பாவும் இப்படித்தான். முக்கியமானதைக் கேட்க அந்த மனுஷனுக்கு வாய் வராது. நீ கேட்காவிட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், உனக்கும் உடனே எங்கிருந்தாவது போன் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். அவசரம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படி. முதலில் சாப்பிடு, பிறகு படி.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ இதைக் கவிதாவிடம் காட்டுவாய். உன் மனைவிக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் நீ வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்த முறுக்கு டின்னை ஒதுக்கிவிட்டு, ஒரு பெரிய வரைபடத்தை விரித்தாய். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் நாம் இருந்த பழைய ரப்பர் தோட்டத்தில் உங்கள் கம்பெனி வரிசை வரிசையாக வீடு வைத்துப் புதிதாக ஒரு தாமான் கட்டப்போகிறது, அதற்கு நீதான் எஞ்சினியர். அந்தத் தோட்டத்தில்தான் நான் பால்மரம் சீவினேன். அந்தத் தோட்டத்து இடுகாட்டில்தான் உன் அக்கா மல்லிகா இருக்கிறாள். நீ பிறப்பதற்கு முன்பே, நடக்கப் பழகும் வயதில், காய்ச்சலில் போனவள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்து சிரிப்பாள். அதற்கு மேல் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அம்மா, ரோடு அந்த வழியாத்தான் போகணும், வேற வழி இல்ல" என்றாய். "மத்த குடும்பத்துகிட்ட எல்லாம் பேசியாச்சும்மா. தோண்டி எடுத்து ஈப்போவுல நல்ல எடமா பாத்து வைப்போம், ஐயர வச்சி முறையா செய்வோம். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"உங்கக்கா தலை மேல லோரி ஓட்டுவியாடா நீ?" என்று கேட்டேன்.

நீ வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு சாப்பிடாமல் போனாய். உனக்காகச் சுட்ட தோசையை நானே தின்று தீர்த்தேன், கோபத்தில் பசி அதிகமாகத்தான் எடுத்தது. அதன் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் என் பதில் இல்லாமல் அந்த மூலையில் நீ மண்வெட்டி வைக்கவில்லை என்றும், மேலே உள்ளவர்கள் உன்னைத்தான் குடைகிறார்கள் என்றும் கவிதா சொன்னாள். எனக்குத் தெரியாமல் நீ தோண்டியிருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நீ செய்யவில்லை. அதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே, ஐயா.

அந்தச் சமயத்தில்தான் பிலோமினா அக்காவின் தங்கச்சிக்குக் கால் உடைந்தது. அவர்கள் கோயில் கூட்டம் அர்மேனியாவுக்குப் புனிதப் பயணம் போவதாக இருந்தது, ஓர் இடம் காலியானது. அக்கா என்னைக் கூப்பிட்ட மறுநாளே நீ டிக்கெட்டோடு வந்து நின்றாய். "என்னடா, நாடு கடத்துறியா?" என்று கேட்டேன். உனக்குக் காது சிவந்துவிட்டது. உலக வரைபடத்தில் அந்த நாடு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தீர்த்தமலைக்கும் பழனிக்கும் போகவேண்டிய வயதில் வேதக்காரர்களோடு வேறு ஊருக்குப் போகிறேனே என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். நான் போனது பக்தியில் இல்லை. உன் முகத்தைப் பார்க்காமல் கொஞ்ச நாள் இருக்கலாம் என்றுதான் போனேன்.

போய் இறங்கிய பிறகு கோபத்தை வைத்துக்கொள்ள இடமே இல்லாமல் போய்விட்டது, சரவணா. அந்த நாடு முழுக்கக் கல். நம் ஊரில் கல் என்றால் சுண்ணாம்பு மலைதான், அதன் தலையிலும் காடு முளைத்திருக்கும். அங்கே மலைகள் உரித்து வைத்தது போல வெறுமையாக நிற்கின்றன, ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல், ஒன்று நம் வீட்டு மஞ்சள்தூள் நிறம். அவற்றின் மடியில் எல்லாம் மடாலயங்கள். கெகார்ட் என்று ஒரு மடாலயத்துக்கு முதலில் கூட்டிப் போனார்கள். குகைக் கோயில் என்றதும் நான் அலட்சியமாகத்தான் இறங்கினேன். ஈப்போக்காரிக்குக் குகைக் கோயில் காட்டுகிறார்களா என்று நினைத்தேன். ஆனால் நம் ஊர்க் குகையை மலையே செய்து கொடுத்தது, நாம் சாமியை மட்டும் கொண்டுபோய் வைத்தோம். இவர்கள் பாறைக்கு மேலே ஒரு துளை போட்டு, அதன் வழியே இறங்கி, மலையை உள்ளிருந்தே குடைந்து எடுத்திருக்கிறார்கள். தூண், வளைவு, சிலுவை, பூவேலை எல்லாம் ஒரே கல். கை தவறி ஒரு இடம் உடைந்திருந்தால் ஒட்டவைக்க வழியில்லை. காற்றும் வெளிச்சமும் இன்றைக்கும் அந்தத் துளை வழியாகத்தான் வருகின்றன.

அந்த அறைக்குள் சில பெண்கள் வந்து நின்று பாடினார்கள். மொழி புரியவில்லை, மேளம் தாளம் எதுவும் இல்லை. அவர்கள் வாயை மூடிய பிறகும் பாட்டு அந்தக் கல்லுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இவ்வளவு வருடம் வாழ்ந்தும் இப்படி ஒன்று உலகத்தில் இருப்பது தெரியாமலே போயிருப்பேனே என்று நினைத்தேன், அப்போதே மனதுக்குள் உனக்கு நன்றி சொன்னேன். வெளியே வந்தால் ஒரு குடும்பம் நேர்த்திக்கடனுக்குச் சேவலோடு நிற்கிறது! கறியை உப்பு மட்டும் போட்டு அவித்து அக்கம்பக்கத்துக்குப் பங்கு கொடுப்பார்களாம். நம் முனியாண்டி கோயிலுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் அந்தச் சேவலை நோட்டம் விடுவதைப் பார்த்து, "ஏம்மா, போதும் லா, பஸ் கிளம்புது" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய தொல்லை. எந்த மடாலயத்து வாசலைப் பார்த்தாலும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். அங்கே யாரும் கழற்றுவதில்லை. "கழட்டாத லா! கால் வெறைச்சிப் போயிரும், அப்புறம் உன் மவனுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்று அக்கா கத்துவார். நான் கேட்கவில்லை. உன்னுடைய பழைய பந்து விளையாடும் காலுறைகளை எடுத்துப் போயிருந்தேன், முழங்கால் வரைக்கும் வருமே, அதை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு கோயில் கோயிலாக நடந்தேன். எங்கள் வழிகாட்டிப் பெண் அனிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். அவள் என் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் செருப்பைத் தானே கையில் எடுத்து வைத்துக்கொள்வாள். அவர்களுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. பீடத்துக்கு முதுகைக் காட்ட மாட்டார்கள், பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவார்கள். அக்கா அப்படி நடந்து வந்து என் மேல் இடிக்காத கோயில் இல்லை.

கோர் விராப் என்ற மடாலயத்தில் தரைக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது. ஒரு துறவியை ராஜா அதில் வருடக்கணக்கில் போட்டு வைத்தாராம். ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் தினமும் மேலிருந்து ரொட்டி போட்டு அவரைக் காப்பாற்றினாளாம். துறவிக்கு ஊரெல்லாம் கோயில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன், அது தனக்கும் தெரியாது என்றாள் அனி. இரும்பு ஏணியில் அந்தக் குழிக்குள் நான் இறங்கினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. அக்கா மேலேயே நின்று எனக்காக ஜெபம் செய்தார். மேலே ஏறி வந்து மூச்சு வாங்கியபோதுதான் எதிரே மலையைப் பார்த்தேன். அராரத். பனி மூடிய பெரிய மலை, சமவெளியிலிருந்து ஒரேயடியாக எழும்பி நிற்கிறது. அவர்கள் வீட்டுச் சுவரில், போத்தலில், காசில் எங்கும் அந்த மலைதான். ஆனால் அது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, எல்லை மூடிக் கிடக்கிறது. அனி ஆங்கிலத்தில் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னார்: "பொறந்ததுலேர்ந்து தினமும் பாக்குறாளாம். ஒருநாள்கூட போயி தொட்டது இல்லையாம்."

அதைக் கேட்டதும் நான் மலையைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நானும் அந்த இடத்துக்குப் போனதில்லை, ஐயா. மல்லிகாவை வைத்த இடத்தில் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பெண்கள் இடுகாட்டுக்குப் போகக்கூடாது, அதுதான் அப்போது வழக்கம். இப்போது பெண்கள் மின்சுடலை வரைக்கும் வருகிறார்கள், உன் அப்பாவுக்கு நானே வந்தேன். அன்றைக்கு அப்படி இல்லை. உன் அப்பா என் கல்யாணப் புடவையில் பாதியைக் கிழித்து அவளைச் சுற்றிக் கையிலேயே தூக்கிப் போனார். நான் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக் கொட்டகை தாண்டி ரோட்டு முனை வரைக்கும் ஓடினேன், அங்கே பெண்கள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தவரிடம் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "வாய்க்கா ஓரம், ரெண்டு மரத்துக்கு நடுவுல. நெழலு இருக்கு" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பிறகு எத்தனையோ வருடம் அந்தப் பக்கத்து நிரையில் நான் மரம் சீவினேன். அங்கிருந்து பார்த்தால் இடுகாடு தெரியும். பார்ப்பேன், பால் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். பிறகு ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், வாய்க்காலைத் திருப்பினார்கள், நாம் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்துவிட்டோம். போகக்கூடாது என்று சொன்னவர்கள் எல்லாரும் செத்துப்போன பிறகும் எனக்குக் கால் எழவில்லை. நான் பார்த்தே இராத இடத்துக்காகத்தான் உன்னோடு அப்படிச் சண்டை போட்டேன். இடத்தைத் தெரிந்திருந்த ஒரே ஆள் உன் அப்பா, அவரும் போய்விட்டார்.

கோர் விராப்புக்கு மறுநாள் நோராவாங்க் மடாலயம். சிவந்த பாறைகளுக்கு நடுவில் பஸ் வளைந்து வளைந்து போய் ஒரு மேட்டில் ஏறியது. அந்தக் கோயிலைப் பார்த்ததும் எங்கள் பிலோமினா அக்கா உட்பட பஸ்ஸில் எல்லாரும் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். மலையின் நிறத்திலேயே கோயில், மலையிலிருந்து முளைத்து வந்த மாதிரி. நான் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் ஒரு கால் வைத்தேன், வைத்த காலை அப்படியே எடுத்துவிட்டேன். தரை முழுக்கச் சமாதிக் கல். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் ஒன்றை ஒட்டி ஒன்று, எழுத்தும் கோலமும் செதுக்கியவை. கால் வைக்கச் சந்தே இல்லை. எங்கள் கூட்டம் அதன் மேலே நடந்து போய்க்கொண்டிருக்கிறது! நமக்கு ஒரு புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம். ஆள் மேல் எப்படி நடப்பது? நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைத்துக்கொண்டு நின்றேன்.

அனி திரும்பி வந்தாள். அக்கா நடுவில் நின்று மொழிபெயர்த்தார். "இவங்கள்லாம் இந்த ஊரை ஆண்ட எளவரசருங்களாம். எங்கள வாசல்லயே போடுங்க, சாமி கும்புட வர்றவங்க எங்க மேல நடந்து போவட்டும்னு அவங்களே கேட்டு வாங்கிக்கிட்ட எடமாம் இது. நீ மிதிக்காம நின்னாதான் அவங்களுக்கு வருத்தமாம்."

"எதுக்காம்?" என்று கேட்டேன்.

"பெருமையெல்லாம் மண்ணோட போவணுமாம். அதோட, ஆளுங்க காலு படுற எடத்துல கெடந்தா தனியா கெடக்க வேணாமாம்."

அந்தக் கடைசி வார்த்தையை அனி சொன்னாளா, அக்கா தானாகச் சேர்த்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை. அன்று உள்ளே ஒரு ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் நடக்கப் பழகுகிறது, அம்மா கையை உதறிவிட்டு அந்தக் கற்களின் மேல் தத்தித் தத்தி வந்தது. விழுந்தது. விழுந்த இடத்தில் இருந்த எழுத்துகளை உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, அதே கல்லில் கை ஊன்றி எழுந்தது. அதன் அம்மா திட்டவில்லை, பதறவில்லை. யாரும் அதை அவமரியாதையாக நினைக்கவில்லை. அந்தக் கல்லுக்குக் கீழே கிடக்கும் இளவரசன் மேல் எத்தனை நூறு வருடமாக எத்தனை பிள்ளைகள் இப்படி விழுந்து எழுந்திருக்கும்!

உன் காலுறையைக் கழற்றினேன். வெறுங்காலோடுதான் அவர்கள் மேல் நடக்க வேண்டும் என்று தோன்றியது. கல் ஐஸாக இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த கல்லுக்குப் போனேன். பாதி தூரத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டதால் குனிவதை விட்டுவிட்டு நடந்தேன். பீடம் வரைக்கும் போனேன். அழுதேனா என்று கேட்காதே. அக்காவிடம் கேள், அவர் நாலு மடங்காகச் சொல்வார்.

அங்கிருந்து மலைக் கணவாய்க்கு ஏறினோம், காற்று ஆளைத் தள்ளியது. கணவாய் ஓரத்தில், மனித வாடையே இல்லாத வெட்டவெளியில், கல்லால் கட்டிய ஒரு நீளச் சத்திரம். பழைய வணிகப் பாதையில் பட்டும் மிளகும் ஏற்றிப்போன கூட்டங்கள் இராத் தங்கிய இடம். உள்ளே ஒரே இருட்டு, கூரையில் விட்ட சின்னத் துளைகளில் மட்டும் வெளிச்சம். மாடும் கழுதையும் தின்ன இரண்டு பக்கமும் கல் தொட்டிகள், அப்படியே இருக்கின்றன. நம் பக்கத்து மிளகு இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருநாள் இறங்கியிருக்குமோ, அதைச் சுமந்தவன் என்ன பாஷை பேசினானோ என்று நினைத்துக்கொண்டே அந்தத் தொட்டியைத் தடவிப் பார்த்தேன். பால்மரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதவள் எங்கே வந்து நிற்கிறேன்! அதைக் கட்டிய பிரபு வாசல் கல்வெட்டில் வழிப்போக்கர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாராம். இந்த வழியாகப் போகிறவர்கள் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று. அந்தக் குளிரில் வந்து சேர்ந்த எவன் நினைக்காமல் போயிருப்பான்? பாதை போடுகிறவனுக்கு இவ்வளவு பெரிய காரியம் கையில் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உன் வேலையை நான் சிமெண்டும் தாரும் என்றே நினைத்திருந்தேன். நீ போடும் வழியில் நீ பார்க்கவே போகாத ஆட்கள் நடப்பார்கள், சரவணா. போடும்போது அவர்களை நினைத்துக்கொண்டு போடு. இதுதான் இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்லும் ஒரே புத்திமதி. நேரத்துக்குச் சாப்பிடு என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

இப்போது என் பதில். தோண்டாதே. மற்றக் குடும்பங்கள் அவர்கள் விருப்பப்படி எடுத்துப் போகட்டும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை சின்னப் பிள்ளையை மண் எப்போதோ தனக்குள் எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு பிடி வெறும் மண்ணை அள்ளிப் பானையில் போட்டு, இதுதான் மல்லிகா என்று என்னை நம்பச் சொல்லாதே. அவள் அங்கேயே இருக்கட்டும், நீ வழியைப் போடு. உன் வரைபடத்தில் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் போக ஒரு நடைபாதை இருந்ததே, பச்சைக் கோடு போட்டுக் காட்டினாய். லோரி போகும் ரோட்டைக் கொஞ்சம் தள்ளி, அந்த நடைபாதையைப் பழைய வாய்க்கால் பக்கம் கொண்டுவர முடியுமா என்று பார். முடியாது, ரொம்ப சூசா, கஷ்டம் என்றால் ரோடே போடு. அதற்காக உன்னோடு நான் இனிமேல் பேசாமல் இருக்க மாட்டேன். அதிலும் ஆட்கள் போவார்கள், வருவார்கள். இத்தனை வருடமாக அங்கே ஒரு பிள்ளைச் சத்தம் இல்லாமல் அவள் தனியாகத்தானே கிடந்தாள்.

அது இடுகாடாக இருந்தவரைக்கும் நான் போகக்கூடாத இடம். நீ வழியாக ஆக்கிவிட்டால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், அவளைப் பெற்றவளும் நடக்கலாம். இதை நினைக்க எனக்கு ஒரு கடலும் பல மலையும் தாண்ட வேண்டியிருந்தது, நீ அனுப்பித்தான் தாண்டினேன்.

தார் ஊற்றுவதற்கு முன்னால் ஒருநாள் காலையில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. கவிதாவும் வரட்டும். செருப்பை வண்டியிலேயே விட்டுவிடுவேன், முள் குத்தும் என்று ஆரம்பிக்காதே. வாய்க்கால் இருந்த இடம் உன் பழைய வரைபடத்தில் தெரிந்தால் போதும், இரண்டு மரம் எங்கே நின்றிருக்கும் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன், நிரை நிரையாக நடந்தவள் நான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அன்றைக்கு என்னை ரோட்டு முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். நீ முனையில் வண்டியை நிறுத்தாதே, ஐயா. உள்ளே கூட்டிக்கொண்டு போ.

உன் அம்மா